மேகத்துக்குத் தனியாக இருநூறு

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ் போனால்
என் மாடி அறையில் மானிட்டர் நடுங்கும்.
போர்டில் ‘கிளவுட்’ என்று எழுதச் சொன்னேன்.
பெயின்டர் ஞானசிகாமணி
கேட்காமலே ஒரு மேகமும் வரைந்துவிட்டார்.
அதற்குத் தனியாக இருநூறு.

கண்ணால் பார்க்காத சர்வரில்
மொத்தமாக எடுத்த இடத்தை
நாற்பத்தொரு பங்காக்கி வாடகைக்கு விடுகிறேன்.
ரப்பர் ஷீட் கடை, தேன் கம்பெனி,
குளச்சல் ஐஸ் பிளான்ட், ஒரு பல் டாக்டர்.
ஒரே சுவர்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஹோஸ்டிங்கில் மிஞ்சுவது சாயாக் காசு.
போன ஆனியில்
பில் போடும் சாப்ட்வேரையும் சேர்த்து விற்றேன்.
அதுவும் நான் செய்ததல்ல;
திறந்தால் வரும் பெயர் மட்டும் என்னுடையது.

முன்பெல்லாம் வெப்சைட் படுத்தால்
ததேயு அண்ணன் மூன்று நாள் கழித்துச் சொல்வார்,
அதுவும் வேறெதற்கோ கூப்பிடும்போது.
இப்போது மூன்றாம் நிமிடம்:
“எம்மா, லோடு ஏத்தியாச்சு,
பில்லு வரல்ல, ஐஸ் உருகுது!”

நான் மேலே கேட்டேன்.
“பார்க்கிறோம்” என்றான்.
அவனுக்கும் மேலே ஒருவன் இருப்பான்,
இதே வார்த்தையோடு.
“பார்க்கிறோம் அண்ணா” என்றேன்.
அந்த ‘றோம்’இல்
நானும் டேபிள் ஃபேனும்தான்.

நாலு மணிக்குத் தானே சரியாயிற்று.
காரணம் யாரும் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு ஒரு பில் வந்தது.
உருகிய ஐஸ், நான்கு கட்டி.
பெறுநர்: நான்.
கூட்டல் சரி, வரி சரி,
அடியில் பொடி எழுத்தில்
என் கம்பெனி பெயர்.

சாப்ட்வேர்
நன்றாகத்தான் ஓடுகிறது.