வலது பக்கத்து வயலின்

நீலம் மினுங்கும் அந்தக் கல்
நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தது.
பர்கூர் தாண்டி, ஜெகதேவி சாலையில்,
எங்கள் பாலிஷ் யூனிட்டில் இறக்கியபோது
அதன் விலாவில் சிவப்புப் பெயிண்ட்டில் ஓர் ஊர்ப்பெயர்.
இரவு ஷிஃப்டில் எழுத்துக்கூட்டி
போனில் தேடினேன்.
முதலில் பனி. பிறகு ஒரு படகு.
பிறகு ஐந்து பேர்,
உர மூட்டை இறக்கி முடித்தவர்கள்போல்
ஒரு சுவரோரம் சாய்ந்து நின்றார்கள்.
ராக் இசைக்குழுவாம்.
கல்லைத் தேடினால் கல்தானே வரும் என்று
சிரித்துக்கொண்டேதான் தொட்டேன்.

ஒன்பது ஆல்பங்கள்.
வரிசை தெரியாமல் கடைசியில் தொடங்கினேன்.
கடைசி ஆல்பம் பாதி மௌனம்:
ஒரு பியானோ,
யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம்,
மறுபடி பியானோ.
முதல் ஆல்பமோ
காலி டிரெய்லரோடு டிராக்டர்
கல்குவாரிப் பள்ளத்தில் பாய்ந்து இறங்குவது.
இரண்டுக்கும் நடுவே
என்னதான் ஆனது இவர்களுக்கு?

மூன்றாவதில் சாக்ஸபோன் நுழைந்தது.
"ஒரே ஆளுங்களா இது? பொய்.
ஓனர் ஆளை மாத்திட்டான்" என்றான் திம்மராயன்.
நான்காவதில் தேவாலயத்து ஆர்கன்,
அதன் முதுகில் ஏறிக் குதிக்கும் டிரம்ஸ்.
ஐந்தாவதில் ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிடம்;
கரகர வட்டில் தொடங்கி
வழவழ வட்டு வரை மாற்றி மாற்றி
ஒரு ஸ்லாபில் என் முகம் தெரிய ஆகும் நேரம்.
ஆறாவது எனக்குப் பிடிக்காது.
காவேரிப்பட்டணம் மண்டபத்தில்
பந்தி நடக்கையில் கீபோர்டுக்காரர்
தனக்குத்தானே வாசித்துக்கொள்வாரே, அது.

"இது என்னா வகை?" என்று கேட்டான் அப்சர்.
நம்ம ஷெட்டுதான்டா, என்றேன்.
மேஸ்திரி தெலுங்கில் திட்டுவார்,
கிரேன்காரர் கன்னடத்தில் முனகுவார்,
நீ உருதுவில் கடன் கேட்பாய்,
நான் தமிழில் இல்லை என்பேன்.
இதுவரைக்கும் ஒரு கல்லாவது
இறங்காமல் நின்றிருக்கா?

மே மாதம். மாம்பழக்கூழ் ஆலைகள் பக்கமிருந்து
புளித்த வாசனை வரும் ஒரு ராத்திரி
கரண்ட் போனது.
இருட்டில் தடவி மாட்டினேன் இயர்போனை.
ஏழாவது ஆல்பம், மூன்றாம் பாட்டு.
நூறு தடவை கேட்ட பாட்டு.
அதில் ஒரு வயலின்.

வேறு பதிவோ என்று பார்த்தேன். அதேதான்.
கழற்றினேன், ஒழுங்காக மாட்டினேன்:
வயலின் இல்லை.
இடம் வலம் மாற்றி மாட்டினேன்:
இதோ, இடது காதுக்குள்
ஆட்டுக்குட்டி துள்ளுவதுபோல்.

இயர்போன் புதுசு.
பழசு என் வலது காது.
பதினொரு வருஷமாக அந்தப் பக்கம்தான்
வெட்டு மெஷின் நிற்கிறது.
போன வருஷ முகாமில்
நார்மல் என்று டிக் அடித்த தாளை
லாவண்யா பீரோவில் வைத்திருக்கிறாள்.
விடிந்ததும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அதான், நீ இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா
நான் சொல்ற எதுக்குமே பதில் இல்லையா?"
சிரிக்கத்தான் பார்த்தாள்.

இப்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்கிறேன்,
நேராக ஒன்று, மாற்றி ஒன்று.
முதல் ஆல்பத்தின் டிராக்டருக்குப் பின்னால்
இன்னொரு கிட்டார் ஓடி வந்துகொண்டே இருந்திருக்கிறது,
பாவம், இத்தனை நாளும்.
ஆறாவது மட்டும்
எப்படி மாட்டினாலும் தேறவில்லை.

நேற்று கடைசி ஆல்பம், மாற்றி.
பியானோ. நாற்காலி.
நாற்காலி நகர்ந்ததும் அந்தப் பக்கத்தில் யாரோ
ஒரே ஒரு சொல் சொல்கிறார்,
மெதுவாக, மைக்கிலிருந்து தள்ளி.
திம்மராயனுக்குக் கொடுத்தேன்.
கண்ணை மூடிக் கேட்டான்.
"யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்குது."
யாரை என்று கேட்டேன்.
அவன் ஏதோ சொன்னான்.
நான் தலையைத் திருப்பி
இடது காதைக் காட்டினேன்.
பின்னால் பதினேழாம் ஸ்லாப்
ஈரம் சொட்ட நின்றது.