சாவிச் சத்தம்

வால்பராய்சோவில் என் அப்பாவுக்கு
மலையேறும் பெட்டியை இயக்குகிற வேலை.
தகரக் கூரைகளுக்கு மேலே
நாளெல்லாம் மனிதர்களை ஏற்றுவார், இறக்குவார்.
இரவில் தான் மட்டும்
நூற்றுப்பதினாறு படி ஏறி வருவார்,
இடுப்பில் சாவிக்கொத்தோடு.

அது மேசையில் விழும் விதத்தில்
அன்றைய வானிலை தெரிந்துவிடும் எங்களுக்கு.
மெல்ல விழுந்தால் சூப்பு ஆறுவதற்குள் சாப்பிடலாம்.
தெறித்து விழுந்தால்
அம்மா ரேடியோவை அணைப்பாள்,
நான் பால் தம்ளரை
விளிம்பிலிருந்து உள்ளே தள்ளுவேன்.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஏழு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அது.

ஜூலை மாதம், குளிர்மழை.
சாவி விழுந்தது. தம்ளரை நகர்த்தினேன்.
அப்பா பார்த்துவிட்டார்,
என் முகத்தை அல்ல, கையை.
வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்
வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

பல வருஷம் கழித்துச் சொன்னார்:
"அது என் கை.
என் அப்பனின் பூட்ஸ் சத்தத்துக்கு
நகர்ந்துகொண்டிருந்த கை."

அந்த பால்டோமேரோ தாத்தாவின் சொத்தாக
எங்களிடம் இருப்பது
துறைமுகச் சங்க அட்டை ஒன்று,
ஒரு பெல்ட்டின் கொக்கி,
அப்பாவின் இடது காதில் பாதிச் செவிடு.
தாத்தாவை அடித்தவர் யாரென்று
அட்டையில் எழுதியில்லை.

அதன்பின் வியாழன்தோறும்
தீயணைப்புத் தொண்டர்களின் கூடத்துப் பின்னறையில்
பத்துப் பன்னிரண்டு ஆண்கள்
பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து
பேசக் கற்றார்கள்.
முதல் மாதம் முழுக்கக் கால்பந்துதானாம்.

"மன்னிச்சுக்கோ" என்ற சொல்
எங்கள் குடும்பத்து ஆண்களின் நாக்கில்
ஏறியதே இல்லை.
இயந்திர அறையில், பெரிய சக்கரம் உறுமும்போது,
யாருக்கும் கேட்காதபடி
அதை ஒத்திகை பார்த்திருக்கிறார்.
கம்பிவடத்துக்கு மட்டும் கேட்டிருக்கும்.

ஒரே நாளில் திருந்தினார் என்று எழுத ஆசைதான்.
ஆகஸ்டில் ஒரு தட்டு சுவரில் போய் உடைந்தது.
அடுத்த வருஷம் கதவுக் கண்ணாடி.
அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு
எர்மீனியா சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.
"விரை ஒன்று போட்டால்
சுரை ஒன்றா முளைக்கும்?" என்றாள் சித்தி,
எங்களுக்குப் படுக்கை விரித்தபடி.
மூன்று வாரம்.
திரும்பி வந்து வாசலில் நின்று அம்மா கேட்டது:
"கண்ணாடி மாற்றியாச்சா?"
மாற்றியிருந்தார். கொஞ்சம் கோணல்.
பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி.

அதுமுதல் எட்டுப் படி கீழேயே நின்றுகொள்வார்.
மூச்சு ஒன்று, மூச்சு இரண்டு, சில நாள் மூச்சு நாற்பது.
சாவியை உள்ளங்கையில் இறுக்கி ஏறி வந்து
ஆணியில் மாட்டுவார்.
சத்தமில்லாத அப்பா
முதலில் இன்னும் பயமாக இருந்தார்.
எனக்கு நம்பிக்கை வர ஆறு வருஷம் ஆனது.
அதை அவர் அவசரப்படுத்தவில்லை.
இதைத்தான் அவர் செய்தவற்றில்
பெரியது என்று நினைக்கிறேன்.

நடக்காமல் போன எதற்கும்
புகைப்படம் கிடையாது.
விழாத அறைக்கு யார் நன்றி சொல்வது?

நேற்று என் மகன் அமாரோ, நான்கு வயது,
நாற்காலி மேலேறி
ஆணியிலிருந்து கொத்தை எடுத்து
மேசையில் ஓங்கிப் போட்டான்.
பலகை அதிர்ந்தது, பால் கவிழ்ந்தது.
என் கை தானாக விளிம்புவரை போய் நின்றது.
எதிரே அப்பாவின் கையும்.
நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
பால் சொட்டிக்கொண்டிருந்தது.
அவர் துணி எடுக்கப் போனார்.

அமாரோ எங்களைப் பார்க்கவேயில்லை.
அவனுக்கு அது மணி, மேளம், ரயில்.
மறுபடியும் கொத்தைத் தூக்கி,
"இன்னொரு தரம்" என்றான்.