கட்டைவிரல்

தெலுக் கும்பாரிலிருந்து படகு.
கெண்டித் தீவருகே
கடல் தே தாரிக் நிறம்.
நீட்டிய கை தெரிகிறது,
அதற்கப்பால் எதுவுமில்லை.
நான்கு நாள் லீவு
இதற்கா எடுத்தேன்?

பதினோரு மீட்டரில்
பழைய டயருக்குள் ஒரு கணவாய்
என்னைப் பார்த்ததும் பழுப்பானது,
வரிவரியானது,
பிறகு
பெயர் தெரியாத ஒரு நிறமானது.

பூரித்துப்போய்
கெங் லியாட்டிடம் கட்டைவிரலை உயர்த்தினேன்.
தலையசைத்தான்.
கைபிடித்து
மேலே கூட்டிவந்துவிட்டான்.

நீருக்கடியில் அது
"பிரமாதம்" இல்லையாம்,
"ஏறலாம்."
காலையில் இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

உருளையில் மிச்சம்
நூற்றிருபது பார் காற்று.
படகு குலுங்கும்போதெல்லாம்
அது என் முழங்காலில் இடித்தது.

கரையில் கைப்பேசி.
"திங்கள் காலை வந்துவிடுவேன் சார்"
என்றதற்கு
பதில் வந்திருக்கிறது:
ஒரு மஞ்சள் கட்டைவிரல்.