முப்பத்தொன்று நானூறு

செல்லூர்ப் பழைய இரும்புக்கடைத் தராசில்
முப்பத்தொன்று நானூறு.
வெட்டுத்தகடு, காலி பேட்டரி, தினசரித்தாள்,
அதற்கடுத்த வரியில்
மீராசா பாய் எழுதினார்:
‘நாய். விற்பனைக்கு இல்லை.’

லேத்தில் ஒரு நூல் கூடினால்
சீவிவிடலாம்.
முப்பது வருடமாய் அதுதான் என் பிழைப்பு.
சிப்பிப்பாறை நாயை எதில் மாட்டிச் சீவ?

அந்த இனத்துக்கு வயிறு
உள்வாங்கின வில்.
எங்கள் பிஸ்டனோ பட்டறை வாசலில்
இறக்கிவைத்த சிமெண்ட் மூட்டை.
டிவிஎஸ் ஃபிஃப்டியில்
முன்னங்கால் இரண்டும் அது வைக்கும்,
மீதியை நான் ஏற்ற வேண்டும்.

தல்லாகுளத்தில் டாக்டரம்மா
நாயை விட்டுவிட்டு
என் கையை மடக்கச் சொன்னார்.
“விரல்முட்டியைத் தடவிப் பாருங்க, இது பட்டினி.
உள்ளங்கைய அமுக்குங்க, இது உங்க நாய்.
விரிச்ச கையோட புறங்கையில எலும்பு தட்டுதில்ல,
விலா அப்படித் தட்டணும்.”
இத்தனை காலம் வெர்னியர் பிடித்த கைக்கு
தன்னிடமே ஓர் அளவுகோல் இருந்தது தெரியாது.

ரத்தம் பார்த்தாயிற்று. தைராய்டு இல்லை.
“அப்போ சாப்பாடுதான். யார் யார் போடுறாங்க?”

யார் போடவில்லை என்று கேட்டிருக்கலாம்.
பரோட்டாக்கடையில் கல் அணைகிற நேரம்
சால்னாவில் ஊறின ஓரங்கள்.
தாராபாய் அக்கா வீட்டு வெண்பொங்கல்,
அங்கே நெய்க்குக் கணக்குக் கிடையாது.
பட்டறைப் பையன் அருளப்பன்
தன் வர்க்கியில் பாதி.
“பாதிதானே அண்ணே.”

வாசல் வாசலாய்ப் போய்க் கும்பிட்டேன்.
“வாயில்லா ஜீவன் வயித்துல அடிக்கிறீங்களே.”
வாய் இருப்பதுதான் அக்கா பிரச்சினை.

நிறுத்துப் போட்ட சோறு, அவித்த பூசணி, பீன்ஸ்,
தோலுரித்த கோழி கொஞ்சம்.
விடியுமுன் வைகைக் கரையில் நடை,
நாய்க்கு முன்னால் எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு மாதம் கழித்துத் தராசில்
முந்நூறு கிராம்தான் குறைந்திருந்தது.
பாய் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.
“இரும்பே இதைவிட வேகமாத் தேயும்.”

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அடுப்படியில் விளக்குப் போடாமல்
பவளம் குந்தியிருந்தாள்.
பிஸ்டன் தட்டில் தயிர்சாதம்,
ஓரத்தில் மசித்த உருளைக்கிழங்கு,
இளவேனி சாப்பிடுகிற மாதிரியே
குழையப் பிசைந்து.

மகள் ஓசூருக்கு வேலைக்குப் போய்ப்
பதினான்கு மாதம்.
இவள் இன்னும் மூன்று பேருக்கு உலை வைக்கிறாள்.
மீந்தது எங்கே போகிறதென்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
முப்பத்தொன்று நானூறில்
பிள்ளையின் சோறு எத்தனை கிலோ என்று
பாயின் தராசில் பிரிக்க முடியுமா?

ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தேன்.
பிஸ்டன் மட்டும் நிமிர்ந்து பார்த்தது,
திருட்டில் கூட்டாளி போல.

மறுநாள் அரிசிப் பானையில் கிடந்த உழக்கைப்
பரணில் போட்டுவிட்டு
பட்டறைக்கே வந்தாள் பவளம்.
“இதைவிடச் சின்னதா ஒண்ணு கடைஞ்சு குடுங்க,
ரெண்டு பேருக்கு.
நாய்க்குத் தனியா ஒண்ணு.”
எவர்சில்வர் குழாயில் இரண்டு வெட்டினேன்.
பிசிறு சுருள் சுருளாய் விழுவதை
முடியும்வரை நின்று பார்த்தாள்.

இன்றைக்கு இருபத்தாறு எழுநூறு.
இன்னும் இரண்டு கிலோ போக வேண்டும்.
பூசணியை முகர்ந்துவிட்டு
அது என்னைப் பார்க்கிற பார்வையில்
மன்னிப்பே கிடையாது.
புதிதாய்க் குடிவந்தவர் கேட்கிறார்,
“நாய்க்குச் சோறு போடுறதில்லையா சார்?”
புறங்கையை நீட்டிக் காட்டினேன்.
கைகுலுக்கிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு இளவேனி வருகிறாள்.
பரணில் பவளம் எதையோ உருட்டுகிற சத்தம்.
பிஸ்டனுக்குக் காது நிமிர்ந்துவிட்டது.