துண்டு போட்ட இடம்

போன கார்த்திகையில் ஒரு காம்பு போயிற்று.
பின்வலது. கல்லாக இறுகி,
தயிர்த் திரியாக வந்து,
பிறகு ஒன்றுமே வராமல்.
ஊசி போட்ட நாளெல்லாம் பாலைப்
பலாமூட்டில் ஊற்றினேன்.
தெரியாமல் கொண்டுபோன ஒரு கேனையும்
அருமனை சொசைட்டியில் மேரி ஸ்டெல்லா
மோந்து பார்த்துத் திருப்பினாள்.
வீட்டில் கட்டன்சாயா.

திரிந்த பால் எனக்குப் புதிதில்லை.
விடியுமுன் நெற்றிவிளக்கோடு
நூற்றெழுபது மரம் வெட்டுகிறவள்.
ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் உறையும்;
உறைந்தால்தான் காசு.
சுட்டியின் பால் உறைந்தால் கடன்.
அதனால் கழுவுவேன்.
டெட்டால், அயோடின், சுடுவெள்ளம்,
எது ஒளிந்திருந்தாலும் சாகட்டும் என்று.

அந்தக் கையில்தான் டாக்டர் ஷைனி பிரபா
ஒரு குப்பியை வைத்து,
"உள்ளே உயிர் உண்டு, கொன்னுராதீங்க" என்றாள்.
கஞ்சித்தண்ணி நிறம்.
மோந்தால் நேற்றைய மோர்.
"கிருமியையா மடியில பூசச் சொல்லுதீங்க?"

அவள் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டைச் சொன்னாள்.
களியல் வண்டி வளைந்து நிற்குமுன்
சன்னல் வழியே துண்டு எறிகிறவர்களை.
"நல்லதுங்க முதல்ல ஏறி இருக்கட்டும்.
பிறகு வாறவன் இடமில்லைன்னு இறங்கிருவான்."
கொஞ்சம் யோசித்து,
"சிலநேரம் இறங்கமாட்டான்" என்றாள்.

இடப்பக்கம் இரண்டும் குப்பியில்.
வலப்பக்கம் மிஞ்சிய ஒன்று
பழையபடி அயோடினில்.
கறந்து அரைமணி படுக்கவிடக்கூடாது,
காம்பின் வாய் திறந்திருக்குமாம்.
புல்லைப் போட்டு முன்னால் நின்று
ஒட்டுப்பால் விலை முதல்
சீட்டுக்காரன் வந்துபோனது வரை
சுட்டியிடம் பேசுகிறேன்.

முப்பத்தாறாம் நாள்
கறுத்த ஓட்டில் முதல் பீச்சு:
இடதுமுன் காம்பில்
ரவையளவு ஒரு திரி.
துண்டு போட்ட பக்கம்தான்.
கை விறைத்துப்போயிற்று.
"ஊசி இப்ப வேண்டாம். அடிக்கடி கறந்து கொட்டுங்க,
காய்ச்சல் வந்தா எந்நேரமும் கூப்பிடுங்க."
மூன்றாம் நாள் ஓடு சுத்தம்.

குப்பியா, சுட்டியின் உடம்பா என்று கேட்டேன்.
"தெரியாது. எழுதி வச்சிருக்கேன்."
தெரியாது என்று சொல்லும் டாக்டரை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போதெல்லாம் ஆசிட் தொட்ட விரல்களை
மூன்று தடவை வெறும் வெள்ளத்தில் அலசி,
மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து,
பிறகுதான் மூடியைத் திருகுகிறேன்.
இத்தனை வருசம் கொல்லப் பழகிய கை,
கொஞ்சம் நடுங்குகிறது.
சுட்டி கால் மாற்றுகிறாள்.
பொறு பிள்ளே,
ஏறட்டும்.