புது மருந்து

கோவிந்த்புரியில் கடைசி மெட்ரோ போகும்வரை
தராசு என் பேச்சைக் கேட்காது.
மேம்பாலத்தில் ரயில் வரும்போதெல்லாம்
முள் ஒரு மயிரிழை நடுங்கும்.
பதினொன்றே காலுக்கு மேல்தான்
நிறுக்க உட்காருவேன்.

ஹீட்டர் அணைத்தாயிற்று. சாமி விளக்கும்.
கம்பளியைக் கழற்றிவிட்டுக்
குழாயை ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன்.
டில்லி ஜனவரியில்
உடம்பே பொறி வைத்துக்கொண்டு திரியும்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டர்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்
என்று இந்தியில் இருநூறு பேருக்குச் சொன்ன வாய்
இங்கே மூடிக்கொள்கிறது.
தமிழில் இதற்கும் மருந்து என்றுதான் பெயர்.
எந்தப் புண்ணியவான் வைத்தானோ,
தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

பழைய டப்பா தீர்ந்துபோனது.
ஆறு வருஷம் பழகியதில் அதன் குணம் அத்துப்படி:
குளிரில் சோம்பும், மே மாதம் முரண்டும்.
இது வேறு.
பச்சை ஓடிய கருப்பில்
கடுகை நீட்டிவிட்டது போலக் குச்சி குச்சியாக.
மூடியைத் திறந்தால் லேசாக
நகப்பூச்சு வாசனை.

கையேடு சொல்லும் மிகக் குறைந்த அளவில் தொடங்கினேன்.
படிக்கு ஐந்து தோட்டா, ஐந்து படி.
ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்
தட்டான் பார்த்தால் சிரிப்பான்,
குன்றிமணியில் ஒரு சுரண்டல்.
வேலையிடத்து ஸ்டிக்கரையே ஒட்டினேன்.
பெயர் என்ற இடத்தில், முதல் படி.
வேளை என்ற இடத்தில், ஞாயிறு காலை.

துக்ளகாபாதில் ஞாயிறே விடியவில்லை.
முன்னூறு மீட்டரில் இருக்கவேண்டிய இலக்கைப்
பனி தின்றிருந்தது.
தல்பீர் டீ வாங்கினார். மறுபடி வாங்கினார்.
ஒன்பது நாற்பதுக்குக் கீகர் மரங்கள் தெரிந்தன,
பிறகு காற்றுக்கொடி, பிறகு காகிதம்.

முதல் ஐந்து, கோழி கிளறிய குப்பை.
இரண்டாவது பரவாயில்லை.
மூன்றாவதில்
ஐந்தும் ஒரு பழைய எட்டணாவுக்குள் போய்
ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன.
தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே
தல்பீர் விசிலடித்தார்.
எனக்கும் காது சூடானது, பொய் சொல்வானேன்.

நாலாவது படி.
முதல் தோட்டா சும்மா போனது.
இரண்டாவதற்குப் பின் போல்ட்டைத் தூக்கும்போது
கை ஒரு கணம் தயங்கியது.
கை இல்லை. போல்ட்.

வெற்றுக் கூட்டை வெயிலில் திருப்பிப் பார்த்தேன்.
அடிப்பொட்டு நசுங்கி
விளிம்புவரை பரவியிருந்தது,
ஸ்டிக்கர் பொட்டைக் கட்டைவிரலால்
அழுத்தி ஒட்டியது மாதிரி.
கையேட்டின் கணக்குப்படி
இன்னும் தூரம் இருந்தது.
என் குழல் கையேட்டைப் படித்ததில்லை.

இன்னும் எட்டு இருக்கே மேடம்ஜி, என்றார் தல்பீர்,
அடித்துவிட்டுப் போங்கள், எத்தனை ராத்திரி வேலை.
வியாழக்கிழமை ஒருவர் கேட்டார்,
வலி ஜாஸ்தி, கூட ஒன்று போட்டால்
சீக்கிரம் கேட்குமா என்று.
அவரிடம் சொன்ன அதே சொல்லைச் சொன்னேன்.
நஹீ(ன்).
எட்டையும் பெட்டியில் போட்டு மூடினேன்.

சாயங்காலம் ஒவ்வொன்றாக
இழுப்புச் சுத்தியலில் மாட்டித் தட்டினேன்.
இதற்கு ரயில் நிற்கவேண்டியதில்லை.
நாலு தட்டுக்குக் குண்டு கழன்று விழும்,
பின்னாலேயே மருந்து, சர்ரென்று.
கீழ்வீட்டு மிசஸ் சப்ரா போன் செய்தாள்,
என்ன இடிக்கிறாய் இத்தனை நேரம்?
இஞ்சி, என்றேன்.
இத்தனையா?
ஜலதோஷம் பிடித்திருக்கிறது எல்லோருக்கும்.

கொட்டியதைத் திரும்ப டப்பாவில் போடக்கூடாது.
தனியே வைத்தேன்.

மூன்றாம் படி நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் அது ஒரே ஒரு காலை,
ஐந்து டிகிரிக் குளிர்,
காற்று கண்ணை மூடிக்கொண்டிருந்த பத்து நிமிஷம்.
எட்டணா ஓட்டை விழுந்த காகிதத்தை மடித்து
டப்பாவின் அடியில் வைத்தேன்.
புது ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து
பெயர் என்ற இடத்தை அப்படியே விட்டு
வேளை என்ற இடத்தில் எழுதினேன்:
மே மாதம், மத்தியானம்.