மூன்று நாள், இரண்டு இரவு

பம்பலப்பிட்டியில், பல் வைத்தியருக்கு மேலே
மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு
தெசலோனிக்கியில் ஆட்களை நடத்துகிறேன்.

முதல் நாள் காலை வெள்ளைக் கோபுரம்.
ஒருகாலம் சிறை. இப்போது
ஏறி நின்றால் கடல்.
பிறகு அரிஸ்டோட்டில் சதுக்கம்,
தூண் நிழலில் ஒரு கோப்பி.
மதியம் சந்தை: ஒலிவ் காய், உப்பிட்ட மீன்.
பேரம் பேச வேண்டாம் என்று எழுதும்போது
கை கூசுகிறது.
செட்டியார் தெருவில் ஒரு மூக்குத்திக்கு
முக்கால் மணித்தியாலம் நின்றவள் நான்.

இரண்டாம் நாள் மேல் நகரம்.
கல் பாவிய ஒழுங்கை, பழைய மதில், ஏற்றம்.
'முழங்காலுக்குப் பாரமா?'
ஒஸ்லோவிலிருந்து இங்க்ரிட் கேட்டிருந்தா. வயது அறுபத்தெட்டு.
நான் போனதில்லை.
ஆனால் லிஃப்ட் பழுதான நாட்களில்
இந்த மூன்று மாடியை என் முழங்காலும் அறியும்.
ஆகவே எழுதினேன்: ஏற டாக்ஸி, இறங்க நடை.
பூனைகள் இருக்கும், அவற்றை அவசரப்படுத்த வேண்டாம்.

தெருவை அம்புக்குறியால் தள்ளித் தள்ளி
திரைக்குள் எவ்வளவோ தூரம் நடந்திருக்கிறேன்.
ஒரு பேக்கரி வாசலில்
முகம் மங்கலாக்கப்பட்ட மனிதர் ஒருவர்
எனக்குப் பழக்கமாகிவிட்டார்.
எத்தனை தரம் போனாலும்
அதே பாணை அதே கையில் வைத்திருக்கிறார்.
அங்கே புகாட்சா சாப்பிட வேண்டும்:
மெல்லிய மாவுக்குள் பால் கூழ்,
மேலே சீனியும் கறுவாவும்.
கறுவா என்று அடிக்கும்போது மட்டும்
விரல் நுனியில் ஒரு சின்னக் கர்வம்.

கடைசி நாள், விமானத்துக்கு முன்
ஒரு மணித்தியாலம் மிச்சம் இருந்தது.
படிவத்தில் அந்தப் பெட்டி வெறுமை.
இரவு பதினொன்றரை. கீழே காலி வீதியில்
ஒரு பஸ்காரன் கல்கிசை கல்கிசை என்று
ஒருவரும் இல்லாத தெருவைக் கூப்பிடுகிறான்.
எழுதினேன்:
கடலோரக் கட்டில் உட்காருங்கள்.
ஒன்றும் செய்ய வேண்டாம்.

ரிஸ்மி தோளுக்கு மேலால் பார்த்தார்.
'இதுக்கு டிக்கட் இருக்கா?'
இல்லை.
'கொமிஷன்?'
இல்லை.
'அப்ப தூக்கிடுங்க.'
தூக்கினேன். அவர் தேத்தண்ணிக்குப் போனதும்
பாதணி, குடை, பிளக் என்ற பகுதியில்
குடைக்கும் பிளக்குக்கும் நடுவே
செருகிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து இங்க்ரிட் எழுதினா:
கோபுரம் பூட்டு. சந்தையில் மழை.
டாக்ஸிக்காரன் பாதி ஏற்றத்தில் இறக்கிவிட்டான்,
முழங்கால் உங்களை ஏசுகிறது.
பூனைகள் நீங்கள் சொன்னதைவிட அதிகம்.
கடலோரத்தில் உட்கார்ந்தோம்.
ஒரு நாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
விமானத்தைத் தவறவிடப் பார்த்தோம்.
நட்சத்திரம்: மூன்று.

அந்த இரவு முடிந்து விடிய,
ஸ்டேஷன் வீதியால் இறங்கி மரைன் டிரைவ் கடந்தேன்.
தண்டவாளத்துக்கு அங்கால் கல்லில்
முதுகுப்பையோடு ஒரு பையன்.
ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிறதாம்.
கொழும்பில் என்ன பார்க்கலாம் என்றான்.

எனக்கு வாய் எழவில்லை.
தாமரைக் கோபுரம், கங்காராமை,
எல்லாம் வேறு யாரோ எழுதிய பெட்டிகள்.
என்னுடைய கொழும்பு வாடகைத் தேதி,
தண்ணீர் நிற்கும் நேரம்,
எந்த வளைவில் 155 மெதுவாகும்
ஓடி ஏறலாம் என்பது.
அதை எந்த நாளில் போடுவது?

கல்லில் மணலைத் தட்டிவிட்டு இருந்தேன்.
'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டேன்,
மறந்துபோய்த் தமிழில்.
அவன் விளங்காமல் தலையாட்டினான்.
பையிலிருந்த இடியப்பப் பார்சலை நடுவே விரித்தேன்.
சம்பல் உறைக்கும் என்று சொல்லவில்லை.

மணி ஆறு பத்து.
அங்கே இன்னும் விடியவில்லை, மூன்று நாற்பது.
பேக்கரியில் அடுப்பு மூட்டியிருப்பார்கள்.
முகம் தெரியாத என் மனிதர்
இனித்தான் பாண் வாங்க வர வேண்டும்.